துப்பாக்கிக்குக் கை அளவு

சூலே பகோடா அருகே அந்தப் பெரிய கடையில், பிஸ்கட் டின்களுக்கும் குடைகளுக்கும் நடுவே வேட்டைத் துப்பாக்கிகள் வரிசையாக நிற்கும். பதினாறு வயதில் அப்பாவோடு போனேன்.

"பாப்பாவுக்கு வளையல் அந்தப் பக்கம்" என்றார் கடைக்காரர்.

"துப்பாக்கியே அவளுக்குத்தான். கை அளவு பாருங்க" என்றார் அப்பா.

கடைக்காரர் துப்பாக்கியின் அடிக்கட்டையை என் முழங்கை மடிப்பில் வைத்தார். விரல் விசைக்குச் சரியாக எட்டியது. அதைக் கொண்டுபோய் த்வாண்டே ஊர் வயல்களில் எத்தனையோ காட்டு வாத்துகளைச் சுட்டேன்.

எண்பத்தெட்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு பர்மிய ராணுவம் அதை ஒப்படைக்கச் சொன்னது. வாங்கிக்கொண்ட சிப்பாய் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை.

இருபது வருஷம் கழித்து அதே கடைக்குள் நுழைந்தேன். எங்கும் துணியும் வளையலும்தான். விற்பனைக்கு நின்ற தமிழ்ப் பெண்ணிடம் வேட்டைத் துப்பாக்கி கேட்டேன்.

சிரித்தாள். "அதெல்லாம் இங்க ஏது? வளையல் பாக்குறீங்களா?"

முழங்கையை மடக்கிக் காட்டினேன். "வந்தா எடுத்து வை. என் கை அளவு மாறல."