நாலாவதாக வந்தவளின் நேரம்

மூவாயிரம் மீட்டரைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஓடியவள் நான் என்று இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். போன மாதம் சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அடிப்பாகம் மெத்தை போலத் தடித்த ஷூவைப் போட்டுக்கொண்டு, பதினொரு நிமிடத்துக்கும் கீழே ஓடி முடித்துவிட்டு, "சே, இன்னிக்குச் சரியா ஓடலக்கா" என்று முகத்தைச் சுளித்தாள். அவளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எரிச்சலைக் கிளப்பியவர் பக்கத்தில் நின்ற மனிதர். "உங்க காலத்துல பன்னெண்டு நிமிஷத்துக்கே மெடல் குடுத்தாங்களாமே" என்றார். நான் ஓடி எட்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் எனக்கு ஒரு காலம் இருந்து, அது முடிந்தும் போய்விட்டதாம். மெடலும் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக நான் யாரோடு மல்லுக்கு நின்றேன் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு கூடிய ஒரு பெரிய பள்ளியில் என்னைப் பிளஸ் ஒன் சேர்த்தார்கள். மார்க்குக்குப் பேர்போன பள்ளி. டைம் டேபிளில் பி.டி. பீரியட் என்று ஒன்று இருக்கும். மணி அடித்ததும் கணக்கு சார் சாக்பீஸோடு உள்ளே வருவார். விளையாடப் போகலாமா என்று கேட்டவளை, காய்ச்சல் கண்டவளைப் பார்ப்பதுபோல எல்லோரும் பார்ப்பார்கள். மைதானம் இல்லாமல் இல்லை. அதில் பள்ளியின் மஞ்சள் பஸ்கள் வரிசையாக நிற்கும். சாயங்காலம் அவை வெளியூர்ப் பிள்ளைகளை இறக்கிவிடக் கிளம்பிப் போனால் இடம் காலியாகும். சரியாக அந்த நேரத்துக்கு ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஸ்டடி ஆரம்பித்துவிடும்.

பி.டி. மிஸ் பிரின்சிபாலிடம் கெஞ்சிக் கூத்தாடி எனக்கு மட்டும் தினமும் முக்கால் மணி நேரம் வாங்கித் தந்திருந்தார். அந்த முக்கால் மணி நேரம் இல்லையென்றால் நான் அந்தப் பள்ளியில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தூக்கத்தில் கெமிஸ்ட்ரி ஒப்பிப்பாள்.

ஆனால் பிளஸ் டூவுக்கு யாருக்கும் சலுகை கிடையாது. அடுத்த வருஷமும் ஓட விடுங்கள் என்று கேட்டுக்கொண்டு பிரின்சிபால் முன்னால் போய் நின்றேன். அவர் ஒரு கண்டிஷன் போட்டார். "மாவட்டப் போட்டியில பன்னெண்டு நிமிஷத்துக்குள்ள வாம்மா. போன வருஷம் பர்ஸ்ட் வந்த பிள்ளையோட டைம் அதுதானாம். வந்துட்டா அடுத்த வருஷமும் ஓடிக்கோ. இல்லைன்னா புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு ஸ்டடிக்குப் போயிரணும்." சரிங்க சார் என்றேன். முந்தின வருடம் முதலாவதாக வந்தவளின் வேகத்தை என்னிடம் கேட்கிறாரே என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

போட்டி ஒரு சனிக்கிழமை நடந்தது. செம்மண் மைதானம், சுண்ணாம்புக் கோடு. அந்த வருடம் புதிதாக ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். விசில் ஊதியதும் அவர்கள் பறந்த பறப்பில் பாதிப் பேர் முதல் ரவுண்டிலேயே மூச்சுவாங்க ஆரம்பித்தார்கள். நான் மூன்றாவதாக ஓடியவளின் பின்னலை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினேன். சிவப்பு ரிப்பன் கட்டிய பின்னல். கடைசி ரவுண்டில் கையை நீட்டியிருந்தால் அதைப் பிடித்து இழுத்திருப்பேன். இழுக்கவும் ஆசையாகத்தான் இருந்தது. அதே இடைவெளியோடு அவளுக்குப் பின்னால் கோட்டைத் தாண்டினேன்.

தாண்டித் திரும்பினால், வாட்ச் பிடித்திருந்த மூன்று பி.டி. சார்களும் மேசையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் அதுதான் வழக்கம். முதல் மூன்று பேருக்கு மட்டும்தான் நேரம் எடுப்பார்கள். மற்றவர்கள் வந்து சேர்ந்தார்களா என்று பார்க்கக்கூட யாரும் நிற்பதில்லை. அதுவரை எல்லாப் போட்டியிலும் முதல் மூன்று பேரில் ஒருத்தியாகவே வந்திருந்ததால் இந்த வழக்கம் என் கண்ணில் பட்டதே கிடையாது. மைக்கில் மூன்றாவதாக வந்தவளின் நேரத்தைப் படித்தார்கள். பதினொன்று நாற்பத்தைந்து.

நான் மேசைக்கு ஓடினேன். "சார், என்னோட டைம்?"

"நீ எத்தனாவது?"

"நாலாவதுங்க சார்."

"நாலாவதுக்கு ஏது சாமி டைமு? வாட்ச்சே மூணுதான் இருக்குது" என்றார் ஒருவர். நல்ல மனிதர்தான். சொல்லிவிட்டு என் கையில் குளுக்கோஸ் கொட்டினார். அதைக் கீழே கொட்டிவிட்டு வந்தேன்.

பி.டி. மிஸ்ஸின் போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல்.

"என்ன சாமி, உழுந்துட்டியா?"

"இல்லீங்கப்பா."

"ஓடி முடிச்சியா?"

"முடிச்சனுங்கப்பா."

"அப்பறம் ஏஞ்சாமி அழுவறே?"

போனை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பிரின்சிபால் ரூமுக்குப் போனேன். மூன்றாவது வந்தவளுக்கு ஒரு கை தூரத்தில் வந்தேன், அவள் நேரம் இது, அப்படியானால் நான் எப்படியும் பன்னிரண்டுக்குள்தானே என்று விளக்கினேன். கணக்கு சார் பீரியடைப் பிடுங்கிச் சொல்லிக்கொடுத்த கணக்கு இந்த அளவுக்காவது உதவ வேண்டாமா?

"பின்னாலயே வந்தேன்னு நீ சொல்றே. ரிசல்ட்ல இல்லையேம்மா" என்றார். அதோடு விட்டிருந்தால்கூட நான் அழுதுகொண்டு போயிருப்பேன். அவர் விடவில்லை. "இன்னொண்ணு பாரு. இந்த வருஷம் மூணு பேர் பன்னெண்டுக்குள்ள வந்துட்டாங்க. இனிமே பன்னெண்டெல்லாம் ஒரு டைமா? ஸ்டாண்டர்டு மாறிப்போச்சும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் வேகமாக இருந்த ஒரு நேரம், சனிக்கிழமை நான் ஓடி முடித்தவுடன் எப்படி மெதுவாகிப்போகும்? அந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் பெண்கள் வராமல் இருந்திருந்தால் நான்தான் மாவட்டத்திலேயே இரண்டாவது. அவர்கள் வந்ததால் என் கால் சுருங்கிவிட்டதா?

"நீங்க சொன்னது பன்னெண்டுதானுங்க சார்" என்றேன். "ரிசல்ட்ல இல்லைன்னா நீங்களே வாட்ச்சைப் பிடிங்க. நம்ம கிரவுண்டுலயே ஓடறேன்."

பின்னால் நின்ற பி.டி. மிஸ் என் சுடிதாரைப் பிடித்து இழுத்தார். அவருக்கு வேலை போய்விடும் என்கிற பயம். பிரின்சிபால் "நாளைக்குச் சாயங்காலம்" என்றார்.

மறுநாள் பஸ்கள் கிளம்பியதும் மிஸ் டேப் பிடித்து அளந்து சுண்ணாம்பு போட்டார். பன்னிரண்டு ரவுண்டு. தரையெல்லாம் ஆயில் கறையும் சரளைக் கல்லும். பிரின்சிபால் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போனை நீட்டிப் பிடித்தபடி நின்றார். ஸ்டடி ஹால் ஜன்னல் முழுக்கத் தலைகள். அன்றைக்கு ஒருத்தியும் ஒரு வரி படித்திருக்க மாட்டாள்.

முன்னால் பார்த்து ஓட ஒரு பின்னலும் இல்லை. கோபத்தைத்தான் பிடித்துக்கொண்டு ஓடினேன். எட்டாவதோ ஒன்பதாவதோ ரவுண்டில் ஒரு பஸ் சீக்கிரமே திரும்பி வந்து, டிரைவர் அண்ணன் பழக்கத்தில் தன் இடத்தில், கோட்டுக்கு மேலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நின்று நியாயம் கேட்க நேரமில்லை. மீதி ரவுண்டுகள் அத்தனையும் அந்தப் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டே ஓடினேன். ஜன்னலிலிருந்து கத்துகிறார்கள். ஹாஸ்டல் வார்டன் அவர்களைப் பார்த்துக் கத்துகிறார். கடைசி ரவுண்டில் எனக்குக் கண் இருட்டியது.

முடித்துவிட்டு முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றேன். பிரின்சிபால் போனைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் போட்டார். "சரி, அடுத்த வருஷமும் ஓடிக்கோ" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் திரும்பினார். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. பேசாமல் போயிருக்கலாம்.

"சார், டைம் சொல்லுங்க."

"அதான் பர்மிஷன் குடுத்துட்டனேம்மா."

"பர்மிஷன் இருக்கட்டுங்க சார். டைம் எவ்வளவுங்க?"

திரும்பவும் போனை எடுத்தார். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, ஜன்னலில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி படித்தார். "பதினொன்னு அம்பத்தாறு."

எனக்கு மூச்சு இன்னும் திரும்பியிருக்கவில்லை. இருந்தாலும் நிமிர்ந்து நின்றேன்.

"சனிக்கிழமை இதைவிட வேகமா ஓடுனனுங்க சார்" என்றேன்.