சேவியர் அண்ணையும் கறை படிந்த கத்தியும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது ரிஸ்வானின் அழைப்பு வந்தது. கிராண்ட்பாஸில் இரும்புக்கடை வைத்திருக்கும் ரிஸ்வான் கடை திறக்கும் நேரத்தில் யாருக்கும் போன் எடுக்கிற ஆள் இல்லை.

"நேசன் நானா, எங்க நிக்கிறீங்க? கொஞ்சம் ஓரமா வாங்க" என்றார். என்னை அவர் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். நான் ஓரமாக வந்த பிறகு சொன்னார். "நம்மட சேவியர் அண்ணன் போயிட்டாரு. விடியக்காலம் நெஞ்சு நோவுதுண்டு சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டுது."

மீன்காரர் என் பாரையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கத்தி மழுங்கியிருந்தது. அந்தச் செய்தியைக் கேட்ட கணத்திலும் அதைக் கவனித்தேன் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன். சேவியர் அண்ணை இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

கொட்டாஞ்சேனை சேவியர் அருமைநாயகம் அவர்கள், நான் வேலை செய்த கப்பல் கம்பனியில் துறைமுகப் பகுதியைப் பார்த்த எழுதுவினைஞர். நான் கோட்டையில் ஒபிசுக்குள் இருந்து கடதாசி பார்த்தவன். அவர் வெயிலில் நின்று பெட்டி பார்த்தவர். என்னிலும் ஐந்து வயது மூத்தவர். குரல் பெரிது, கோபம் சிறிது. ஞாயிறு காலைப் பூசை தவறவிடாதவர். அதற்கு அடுத்தபடியாக அவர் தவறவிடாதது கத்தி விஷயம்.

முதன்முதலாக ஒரு கையெழுத்துக்காக நான் துறைமுகத்துக்குப் போன நாள் நினைவிருக்கிறது. பலகைப் பெட்டி ஒன்றைத் திறக்க வேண்டும், ஆணி கழற்றுகிற ஆயுதம் கொண்டுவரப் போனவரைக் காணவில்லை. சேவியர் அண்ணை தன் மேசை லாச்சியைத் திறந்து உறையோடு ஒரு கத்தியை எடுத்தார். மடிக்கிற கத்தி அல்ல. ஒரு சாண் நீளத்தில், தடித்த முதுகோடு, அலகின் இரும்பு கைப்பிடியின் அடிவரை ஒரே துண்டாக ஓடுகிற கத்தி. அதைப் பலகை இடுக்கில் வைத்து, முதுகில் ஒரு கட்டையால் ஓங்கி அடித்தார். எனக்குப் பதறிவிட்டது.

"அண்ணை, கத்தி பழுதாப் போகும்."

"இதுக்குப் பழுதாப் போனால் இது கத்தியில்லை" என்றார். பலகை பிளந்தது. கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அலகைச் சாரத்தில் துடைக்கிறவர்போலக் காற்சட்டையில் துடைத்தார்.

நான் அவர் காதோடு சொன்னேன். "என்னட்டையும் இப்பிடி ஒண்டு இருக்கு. கனடாவிலயிருந்து மச்சான் அனுப்பினவர்."

அவருடைய முகம் மலர்ந்தது. "என்னத்தை வெட்டினீங்கள்?"

"இன்னும் ஒண்டும் வெட்டயில்லை. பெட்டிக்குள்ள இருக்கு."

"அப்ப நீங்கள் மியூசியம்" என்றார். அன்று வைத்த பெயர் கடைசி வரைக்கும் நிலைத்தது.

பிறகு ரிஸ்வானும் சேர்ந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் மூவரும் வெள்ளவத்தையில் என் பிளட்டின் பல்கனியில் கூடுவோம். கீழே கரையோர ரயில் போகும். கத்திகளை ஒரு துவாயில் வரிசையாக வைப்போம். வெளிநாட்டில் கையால் செய்து வாங்கிய உயர்ந்த சாமான்கள். விலையைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை என்பது மூவருக்குமிடையில் எழுதாத ஒப்பந்தம். எந்த எண்ணெய் பூசுவது என்று ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்போம். சேவியர் அண்ணை தேங்காய் எண்ணெய்க் கட்சி, நான் தையல் மெஷின் எண்ணெய்க் கட்சி. "மூண்டு கிழவரும் கத்தியை வச்சுக் கொஞ்சுகினம்" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொன்னது என் காதிலும் விழுந்தது.

சேவியர் அண்ணை ஒரு சட்டம் போட்டிருந்தார். போன மாதம் கூடியதற்குப் பிறகு தன் கத்தி என்ன வேலை செய்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒன்றும் வெட்டாதவர் எழுந்து போய் எல்லாருக்கும் தேநீர் போட வேண்டும். ரிஸ்வான் கம்பிக்கட்டு அறுத்த கதை சொல்வார். சேவியர் அண்ணை விறகு பிளந்தது, கயிறு அறுத்தது, பலாக்காய் வெட்டியது என்று அடுக்குவார். அனேகமாக நானே தேநீர் போட்டேன். எனக்குப் பளபளப்பில் ஒரு பைத்தியம். அலகில் ஒரு கீறல் விழுந்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

ஒருமுறை காலி வீதியில் பொலிஸார் அவருடைய பையைச் சோதித்தபோது கத்தி அகப்பட்டுவிட்டது. நான் வியர்த்து நின்றேன். அவர் அசையாமல் சிங்களத்தில், "மேக்க கொஸ் கபன்ன, மஹத்தயா" என்றார். பலாக்காய் வெட்டவாம். பையின் அடியில் உண்மையாகவே ஒரு பிஞ்சுப் பலாக்காய் இருந்தது. பொலிஸ்காரர் சிரித்து அனுப்பிவிட்டார். "வேலை இல்லாத கத்திதான் ஆளை மாட்டிவிடும், நேசன்" என்று சேவியர் அண்ணை பஸ்ஸில் எனக்குச் சொன்னார்.

அவருடைய மனைவி ரீட்டா அக்கா நோயில் விழுந்த கடைசி ஒரு வருடம் அந்த வீடே மாறிப்போனது. களுபோவிலை ஆஸ்பத்திரிக்கும் கொட்டாஞ்சேனை வீட்டுக்கும் அலைந்து சேவியர் அண்ணை பாதியாகிவிட்டார். ரீட்டா அக்காவுக்குச் சோறு பிடிக்கவில்லை. புளிப்புத்தான் நாக்குக்குப் பிடித்தது. பச்சை மாங்காய், அம்பரெல்லா, தோடம்பழம். அவற்றைத் தானே வெட்டிச் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எவருக்கும் தொடக் கொடுக்காத அந்தத் துறைமுகக் கத்தியை சேவியர் அண்ணை அவர் கையில் கொடுத்தார். பாரமான கத்தி. ஆகவே ரீட்டா அக்கா நுனிப்பக்கத்தால் மாத்திரம், மெல்ல மெல்ல வெட்டுவார்.

அந்தக் கத்தி துருப்பிடிக்காத இரும்பில் செய்தது அல்ல. புளி பட்டால் கறுக்கும், நீலம் பாரிக்கும். பாவிக்கிறவர்களுக்கு அந்தக் கறை ஒரு பெருமை. கத்தி என்ன செய்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ரீட்டா அக்கா இறந்து முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து, சேவியர் அண்ணை சோர்ந்துபோய் இருந்தார். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு மனம் கிடந்து அடித்தது. "கத்தியைத் தாங்கோ அண்ணை, கூர் போட்டுக் கொண்டுவாறன்" என்று கேட்டேன். "கூர் மட்டும் பாருங்கோ" என்று தந்தார். மட்டும் என்று அவர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூர் போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். அலகின் முன்பக்கத்தில், நுனியை ஒட்டி, மூன்று விரல் அகலத்துக்கு நீலமும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாகப் பரவியிருந்தது. கைப்பிடியை ஒட்டிய பின்பக்கத்திலும் ஆங்காங்கே கறை. பாவம் மனுசன், கத்தியைக் கவனிக்கவும் நேரம் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். மெல்லிய மினுக்குத்தாளும் உலோகம் மினுக்குகிற பசையும் எடுத்து ஒரு சனிக்கிழமை முழுவதும் தேய்த்தேன். பின்னேரம் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போய் இரண்டு கையாலும் கொடுத்தேன். சேவியர் அண்ணை உறையிலிருந்து உருவினார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பெருவிரலால் முன்பக்கத்தை ஒருமுறை தடவினார்.

"நல்லா மின்னுது" என்றார். உறையில் போட்டார். "இருங்கோ, டீ குடிச்சிட்டுப் போங்கோ."

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அவர் வேறு கத்தி கொண்டுவந்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, கடையில் வைத்து ரிஸ்வான்தான் உடைத்துச் சொன்னார்.

"நானா, கோவிக்கப்படாது. அந்த முன்பக்கக் கறை ரீட்டா அக்காட. அவங்க மாங்கா வெட்டின கறை. சேவியர் அண்ணன் அத எனக்குக் காட்டிக் காட்டிச் சொன்னவரு. நீங்க அதத் தேச்சிட்டீங்க."

கத்தி வைத்திருக்கிற ஒருவன் கறையைப் பார்த்தவுடன் இது யாருடைய கை என்று கேட்டிருக்க வேண்டும். நான் மினுக்குத்தாளைத் தேடினேன். வேறு எவனாவது இருந்திருந்தால் கூர்கூடப் போட்டிருக்க மாட்டான், கறை தப்பியிருக்கும். கத்தியில் பைத்தியமான எனக்கு மாத்திரமே அந்தப் பிழை விடத் தெரிந்திருந்தது.

மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருடம் இருந்தது. கேட்கவில்லை. ஒருநாள் எங்கள் பல்கனியில் ரிஸ்வான் வருமுன் இருவரும் தனியே இருந்தோம். "அண்ணை, அந்தக் கத்தி விஷயம்…" என்று தொடங்கினேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "டீ ஆறுது, நேசன்" என்றார். அவர் விடச் சொல்கிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். அவர் தடுத்தாலும் சொல்லி முடித்திருக்க வேண்டிய இரண்டு வார்த்தை அது. இப்போது அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வியாழக்கிழமை மாதம்பிட்டி சேமக்காலையில் ரீட்டா அக்காவின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தோம். ரிஸ்வான் கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசிவரை நின்றார். மறுநாள் சேவியர் அண்ணையின் மகள் ஷாலினி என்னை வீட்டுக்கு வரச் சொன்னா. துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

உருவிப் பார்த்தேன். கைப்பிடியிலிருந்து பாதிக்கு மேல் அலகு நன்றாகக் கறுத்து, நீலம் பூத்திருந்தது. இரண்டு வருடம் ஓயாமல் பாவித்த கத்தி. நுனிப்பக்கம் மூன்று விரல் அகலம் மாத்திரம் நான் மினுக்கிக் கொடுத்த அன்றைக்கு இருந்தபடியே மின்னியது. கொழும்புக் கடற்காற்றில் அந்த இரும்பு இரண்டு நாளில் துருவேறும். ஒரு பொட்டுத் துருவும் இல்லை. தேங்காய் எண்ணெய் மணத்தது.

"ஒவ்வொரு நாளும் கைப்பிடிப் பக்கத்தாலதான் வெட்டுவார்" என்றா ஷாலினி. "ஒருக்கா நான் தெரியாமல் நுனியால தேசிக்காய் வெட்டப் போயிட்டன். கத்தியைப் பறிச்சிட்டார். அது அம்மாட இடம், அதில வேற கறை படக்கூடாது எண்டார். ராவில எண்ணெய் போடாமல் படுக்கமாட்டார்."

நான் கத்தியை மெல்ல உறையில் போட்டேன்.

"போன மாசமே சொல்லி வச்சவர், அங்கிள். எனக்கு ஏதும் நடந்தால் இதை நேசனிட்டக் குடு. ரிஸ்வானிட்டக் குடுத்தால் கம்பி அறுப்பான். நேசன் மியூசியத்தில வைப்பார், அவர்தான் இதுக்குச் சரியான ஆள் எண்டார்."

அப்போதுதான் அழுதேன். அவர் வீட்டுக் கதிரையில் இருந்து, அவருடைய மகளின் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். அவர் எல்லாம் அறிந்திருந்தார். அறிந்தும் என்னைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நான் கேட்காத மன்னிப்பைக் கத்தியோடு சேர்த்து அனுப்பிவிட்டார். ஆனாலும் கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் என்னை விடப்போவதில்லை.

போய் வாருங்கள், அண்ணை. மெஷின் எண்ணெயை வீசிவிட்டேன், இனித் தேங்காய் எண்ணெய்தான். வருகிற ஞாயிறு ரிஸ்வான் வருவார். துவாயை விரித்து உங்கள் கத்தியை நடுவில் வைப்போம். அது என்ன வெட்டியது என்று அவர் கேட்பார். ஒன்றும் வெட்டவில்லை என்பேன். பிறகு எழுந்து போய்த் தேநீர் போடுவேன்.