ஜரீனாக்காவின் முக்கோணத் துணி

இன்று காலை பள்ளி வாசலில் சைக்கிளோடு விழுந்து கையை முறித்துக்கொண்ட என் மகளுக்கு, கழுத்திலிருந்து கையைத் தொங்கவிட்டுக் கட்டியிருந்த புதுக் காடாத் துணியில் கஞ்சி வாசனை அடித்தது. மாவுக்கட்டுப் போட்டு வீடு வந்து சேர்ந்த பிறகும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. அந்த வாசனையோ, மதுரையில் நான் எட்டாவது படித்த பள்ளியின் சாரணியர் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது ஆசிரியர்கள் வண்டி நிறுத்துகிற அந்த இடத்தில், வெள்ளிக்கிழமை மாலைதோறும், தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அனலைக் கொட்ட, கயிற்றுத் தும்பு மூக்கில் ஏற, பத்தாவது படித்த எங்கள் தலைவி ஜரீனாக்கா ஆளுக்கொரு முக்கோணத் துணியைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போடச் சொல்வாள். "ரத்தத்தப் பாத்தா கண்ணு தானா மூடிக்கும்டி. கைக்குத் தெரியணும்."

ஆண்டு விழாவுக்கு மூங்கில் பாலம் கட்டிய அன்று எங்களில் ஒருத்தியான செல்வி அதிலிருந்து விழுந்தாள். முன்கை வளைந்து தொங்கியது. டீச்சர் வேன் பிடிக்க ஓடினார்; நாங்கள் அழுதோம். ஜரீனாக்கா மட்டும் மர ஸ்கேலை அந்தக் கையோடு அணைத்து வைத்துக் கட்டி, துணியைத் தோளில் முடிந்தபடி, "ஆட்டாத மகராசி, ஒங்கம்மாட்ட ஏச்சு வாங்கப்போறது நாந்தேன்" என்றாள். அழுதுகொண்டிருந்த செல்வி சிரித்துவிட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளையின் விரல்கள் அவ்வளவு நிதானமாக ஓடியதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்வியை ஏற்றிக்கொண்டு வேன் போன பிறகு குழாயடியில் ஜரீனாக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் அவள் பல்லில் தடதடவென்று இடித்தது. நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

"பயமா இருந்துச்சாக்கா?"

"இப்பத்தேன்டி வருது."