ரெஜினா அக்காவின் மிச்சப் பேச்சு

உணவகத்துச் சமையலறையில் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எங்கள் தேவாலயப் பங்குத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ரெஜினா அக்காவின் படம். சுற்றிவர ரோசாப்பூ, இரண்டு பக்கமும் மெழுகுதிரி. கீழே, "என்றும் மாறாப் புன்னகையும் பொறுமையும் கொண்ட எங்கள் அன்புச் சகோதரி இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதியிருந்தார்கள். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அக்காவோடு ஒரு நாள் பழகியவர் இப்படி எழுதுவாரா? பொறுமை அவரிடம் இருந்ததே இல்லை. புன்னகையை அவருடைய நோய் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. சிரிக்க முயன்றால் உதட்டின் ஓரங்கள் எழும்பாது. மேலுதடு மட்டும் தூக்கிப் பல்லைக் காட்டும். "நான் சிரிச்சா நாய்கூட ஒதுங்கிப் போகுது பிள்ளை" என்று அவரே சொல்வார்.

மன்னாரிலிருந்து வந்தவர். இத்தாலியில், ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில் நான் வேலை செய்யும் இதே உணவகத்தில், இதே தொட்டியடியில், எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டினார். அவருக்கு இருந்தது தசைகள் களைத்துப்போகும் நோய். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. காலையில் எல்லோரையும்போல இருப்பார். வேலை செய்யச் செய்ய இமை விழும், கை இறங்கும், சொல் மூக்கால் வரும். கொஞ்சம் படுத்து எழும்பினால் திரும்பவும் பழைய ஆள். இப்படி வந்தும் போயும் இருக்கும் ஒன்றை எங்கள் சனம் நோய் என்று நம்புமா? நடிப்பு என்றார்கள். கவலையால் யோசனை கூடிப்போச்சு என்றார்கள். மலையேறிப் போய் சாந்தா ரொசாலியா என்ற புனிதைக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார்கள். "படி ஏறேலாமல் நிக்கிறன், இவை என்னை மலை ஏறச் சொல்லுகினம்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

வைத்தியசாலைக்குப் போன முதல் நாள் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மொழிபெயர்க்க ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் தமிழ்நாட்டுக்காரர். அக்கா, "ரெண்டு வருசமா ஒரே வருத்தம், பின்னேரமானால் கூடுது" என்றிருக்கிறார். எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். அந்த மனிதருக்கு அது மனத்துயரம். அவர் அப்படியே இத்தாலியனில் எடுத்துவிட்டார்.

"எதுக்கும்மா வருத்தம்னு டாக்டர் கேக்குறார்."

"ஏனெண்டு தெரிஞ்சால் நான் ஏன் இஞ்சை வாறன்? அதைக் கண்டுபிடிக்கத்தானே அவருக்குச் சம்பளம்?"

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா? வாழவே பிடிக்கலைன்னு தோணுதா?"

அக்காவுக்கு ஏறிவிட்டது. கோபம் வந்தால் இமை இன்னும் விழும். பாதிக் கண்ணோடு அவர் கத்தியதைப் பார்த்த மருத்துவர், பாவம், தாங்க முடியாத சோகம் என்று முடிவுகட்டி மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். கணவர் மரியதாஸ் அண்ணை பக்கத்தில்தான் இருந்தார். தலையாட்டியதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. மாதக்கணக்கில் அக்கா அந்த மாத்திரையை விழுங்கினார், விழுங்குவதே கஷ்டமான தொண்டையோடு.

கடைசியில் நோயைக் காட்டிக்கொடுத்தது ஒரு சண்டை. மறுபடி போன ஒரு நாள், வரிசையில் யாரோ முந்திவிட்டார்கள் என்று வரவேற்பு மேசையில் அக்கா பிடித்த சண்டை. அன்று நான் கூடப் போயிருந்தேன். தொடக்கத்தில் கணீரென்று இருந்த குரல் போகப்போக மூக்குக்குள் புகுந்தது. இடது இமை இறங்கியது. அக்கா நிறுத்தவில்லை. சுட்டுவிரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் பேசினார். அந்தப் பக்கமாகப் போன நரம்பியல் மருத்துவர், ஒரு பெண், அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கூட்டிப்போய் மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். இரண்டு இமையும் மெல்ல இறங்கின. "சின்யோரா, இது துக்கம் இல்லை" என்றார். நான் மொழிபெயர்த்ததும் அக்கா, "இதைத்தானே நான் தொண்டை கிழியச் சொல்லுறன்" என்றார்.

அந்த மருத்துவர் தெளிவாகத்தான் சொன்னார். கவலையோ கோபமோ இந்த நோயை உண்டாக்காது. ஆனால் மனம் கொதித்தால், அழுதால், விழுந்து விழுந்து சிரித்தால்கூடச் சோர்வு கூடும். அப்போது ஓய்வெடுங்கள், மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், மூச்சு முட்டினால் உடனே வாருங்கள். எங்கள் ஆட்கள் இதில் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: ரெஜினாவுக்கு எதையும் சொல்லக்கூடாது. அதன்பிறகு அவர் வந்தால் கதை மாறும். சாவு, கலியாணக் குழப்பம், ஊர்ச் சண்டை எல்லாம் அவர் போன பின்புதான். நல்ல பகிடி சொல்லக்கூடப் பயந்தார்கள். "யோசியாதேங்கோ, யோசியாதேங்கோ" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்புவார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அதை அன்பு என்று வேறு சொன்னார்கள்.

அவருடைய தம்பி மன்னாரில் இறந்தபோதும் அதையே செய்தார்கள். மரியதாஸ் அண்ணையே மறைத்தார். ஒரேத்தோவில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு அன்று பின்னேரம் சனம் சும்மா வருவதுபோல வந்து உட்கார்ந்தது. எனக்கும் போன பிறகுதான் தெரியும். ஒருவரும் அக்காவோடு வாதாடவில்லை. அவர் சொன்னதற்கெல்லாம் ஓம் என்றார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எல்லாரும் இவ்வளவு பண்பா இருக்கிறியள். ஆர் செத்தது?"

கடைசியில் அக்கா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அக்கா அழுதார். இமைகள் விழுந்தன, தாடை தொங்கியது, அதைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. நான் பக்கத்தில் இருந்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பிறகு படுத்து நித்திரை கொண்டார். எழும்பியபோது கண் திறந்திருந்தது, குரல் தெளிந்திருந்தது. அண்ணையைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அழுதால் கண் மூடும், படுத்து எழும்பினால் திறக்கும். என்ரை தம்பிக்கு நான் அழாமல் ஆர் அழுறது? வருத்தம் என்ரை, ரெண்டு வருத்தமும் என்ரை. ஒண்டையும் எடுக்காதேங்கோ."

போன மாதம் நெஞ்சில் சளி கட்டியது. இந்த நோய்க்காரருக்கு அதுதான் பெரிய ஆபத்து. மூச்சுத் தசையும் களைத்துவிடும். வைத்தியசாலையிலிருந்து எனக்கு அழைத்தார், என்னைப் பேசுவதற்கு. நாங்கள் பேசுவது என்று சொன்னால் ஏசுவது. "உன்ரை பெர்மெஸ்ஸோ விசா முடியப்போகுது, புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போனியோ? இல்லைத்தானே? உனக்கெல்லாம்..." குரல் மூக்குக்குள் போய்விட்டது. "பொறு, மிச்சத்தைப் பிறகு பேசுறன்" என்று வைத்தார். அதன்பிறகு அழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து பங்கு மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். "யோசிச்சு யோசிச்சே செத்துப்போட்டா, பாவம்" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டினார்கள். எழும்பிவிட்டேன். நெஞ்சுச் சளியில் போனவரை யோசனையில் போனதாகச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருகிறது என்று தொடங்கி, அந்த மனச்சோர்வு மாத்திரையை, தம்பியின் சாவை, ரோசாப்பூப் படத்துப் புன்னகையை, எல்லாவற்றையும் எடுத்துப் பேசினேன். கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்க நின்றபோதுதான் கவனித்தேன், என் சுட்டுவிரல் என் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தி ஓடிவந்து, "யோசியாதேங்கோ" என்று என் தோளை அழுத்தி இருத்தப் பார்த்தாள்.

மூலையில் தலை குனிந்திருந்த மரியதாஸ் அண்ணை நிமிர்ந்தார்.

"விடுங்கோ அவளை. மிச்சத்தையும் பேசு பிள்ளை" என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அந்த மிச்சம்தான். அன்றைக்குப் பேசினேன். இன்னும் முடியவில்லை.