கீது சார், எத்தினி வோணும்?

மருந்துக்கடை நடத்துவது தலைவலி என்றால், மருந்துக்கடைக்காரர் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பது அந்தத் தலைவலிக்கு மாத்திரை கிடைக்காமல் அலைவது. ஏதோ ஒரு சங்கத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கும் அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

முத்திரைக்கு விடை

உத்திரமேரூர் வட்டாரத்தில் எங்கள் சுற்றறிக்கை கடை கடையாகப் போகும். படித்தவர் கடை முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட வேண்டும். இனி எல்லாம் வாட்ஸாப்தான் என்று கூட்டத்தில் மார்தட்டி அறிவித்தேன். தலைவர் வரதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அப்ப ஸ்டாம்ப எங்க குத்தறது? போன் மேலயா?"

கட்டைவிரல்

ஒருநாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து அவசரத் தகவல். குழந்தைகளுக்கான இருமல் சிரப் ஒன்றில் ஒரு பேட்ச் கெட்டுவிட்டது, குடித்தால் ஆபத்து, உடனே விற்பனையை நிறுத்துங்கள் என்று. குழுவில் போட்டேன். மளமளவென்று கட்டைவிரல்கள் வந்தன. நிம்மதியாக டீ குடித்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் ஒருவரைப் போனில் கூப்பிட்டு, சிரப்பை எடுத்து வைத்துவிட்டீர்களா என்றேன். "இன்னா சிரப்பு? கால வணக்கம் போட்டுக்கினு இருப்பீங்களே, அதுன்னு நெனச்சி வெரல வெச்சேன்."

தாமுவின் பதில்

பாட்டில் படத்தைப் போட்டு, கீழே "விற்காதீர்கள்" என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். தென்னேரிப் பக்கம் கடை வைத்திருக்கும் தாமுவிடமிருந்து உடனே பதில்: "கீது சார், எத்தினி வோணும்?" கூப்பிட்டால் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பைக்கை உதைத்தேன். வழியெல்லாம் ஏதோ ஒரு குழந்தை வாயைத் திறப்பதே கண்ணில் நின்றது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

கடையில் ஒரு பெண், இடுப்பில் இருமுகிற குழந்தை, கையில் அதே பாட்டில். பிடுங்கிவிட்டேன். "இன்னாண்ணா, வாங்கனத புடுங்கற?" என்று அவள் சீறினாள். பேட்ச் எண்ணைப் பார்த்தேன். அதுவேதான். வேறு யாருக்காவது கொடுத்தாயா என்று தாமுவிடம் கத்தினேன். இதுதான் முதல் பாட்டில் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அந்தப் பெண்ணுக்கு வேறு மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "சார், போன்ல மருந்து போட்டோ வந்தா எனக்கு ஆர்டரு. நீ நேர்ல வந்தாதான் சங்கம்."

இப்போது எங்கள் சங்கம் முழுக்க மின்னணு மயம்: தகவல் போனில் போகிறது, அதைப் படித்தார்களா என்று பார்க்க ரப்பர் ஸ்டாம்புப் பேடோடு பின்னாலேயே நான் போகிறேன்.