ரோமிங் நிபுணர் ஜெர்மனிக்குப் போன கதை

சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், தாம்பரத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் பேசிக்கொண்டே வருவேன். அந்த வாரங்களில் பேச்சு ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: வெளிநாடு போகிறவன் தன் செல்போனில் இன்டர்நெட்டுக்கு எப்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நான் அதுவரை வெளிநாடே போனதில்லை. ஆனால் நாங்கள் சோதித்துக்கொண்டிருந்த மென்பொருள் ஒரு ஜெர்மன் டெலிபோன் கம்பெனிக்கானது. நிபுணன் ஆக அந்தத் தகுதி எனக்குப் போதுமாக இருந்தது. பக்கத்து சீட்காரர் கண்ணை மூடிக்கொண்டால், கூர்ந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பெண் பீர்க்கன்கரணையில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். கம்பெனி என்னை அனுப்பவிருந்த ஜெர்மனி வேலை முடிந்து நான் திரும்பியதும் நிக்காஹ். அதுவரை பேச வேண்டுமென்றால் அவள் வீட்டு ஹாலில் இருந்த போனில்தான். நான் கூப்பிட்டால் டிவி சத்தம் குறையும், அவள் அத்தா, அதாவது அப்பா, செருமுவது கேட்கும். அதனால்தான் எனக்கு செல்போனில் இன்டர்நெட் வேண்டியிருந்தது. சாட்டில் பேசினால் ஹாலுக்குக் கேட்காது.

எங்கள் வீட்டு சிம் எல்லாம் மச்சான் பெயரில் இருந்தன. மச்சான் என்றால் அக்காவின் கணவர். மேற்குத் தாம்பரத்தில் பைப் கடை வைத்திருந்தார். கடை பெயரில் மொத்தமாக வாங்கினால் எங்களுக்குள் பேசுவது இலவசம். நாளுக்கு இவ்வளவு என்று கட்டும் நாள் திட்டமா, பயன்படுத்திய அளவுக்குக் கட்டும் அளவுத் திட்டமா என்று மண்டையை உடைத்துக்கொண்டு, வெளிநாட்டிலும் சிம் வேலை செய்வதற்கான ரோமிங் விண்ணப்பத்தில் அவர் படிக்காமலே போட்ட கையெழுத்தை வாங்கி, சிம் கம்பெனியில் கொடுத்தேன். போனுக்கு செட்டிங்ஸ் மெசேஜ் வந்தது. அதை சேவ் செய்து, போனை அணைத்துப் போட்டதும், தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் ஒரு வெப்சைட் பாதி திறந்தது. வேலை முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன்.

மச்சானுக்கு நான் முன்பே வேறொரு பாடமும் எடுத்திருந்தேன். காலர் டியூன், கிரிக்கெட் ஸ்கோர் என்று கேட்காததை எல்லாம் அப்போது நம் தலையில் கட்டிக் காசு பிடிப்பார்கள். "கஸ்டமர் கேர்னு யார் கூப்பிட்டாலும் முழுசா கேக்காதீங்க மச்சான். வேணாம்னு சொல்லி கட் பண்ணிடுங்க" என்று சொல்லி வைத்திருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவளிடம் சொல்லிக்கொள்ளக் கூப்பிட்டேன். அளவுத் திட்டத்தின் அருமையை நான் விளக்கி முடித்ததும் அவள், "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். ஹாலில் டிவி சுத்தமாக நின்றது. "அப்புறம் கேக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

கல்யாணமே வேண்டாம் என்று சொல்லப்போகிறாளோ? திங்கட்கிழமை சாயங்காலம் பெருங்களத்தூர் பிரவுசிங் சென்டருக்குப் போனால் நான் சாட்டில் இருப்பேன் என்று அக்கா மூலம் அவளுக்குச் சொல்லியனுப்பிவிட்டு விமானம் ஏறினேன்.

ஜெர்மனியில் இறங்கியதிலிருந்து போனில் சிக்னலே இல்லை. அணைத்துப் போட்டேன். சிம்மைக் கழற்றி, சட்டையில் துடைத்து மாட்டினேன். திங்கட்கிழமை மதியம், நம்மூரில் சாயங்காலம் ஆகும் நேரத்தில், ஆபீஸ் ஜன்னல் ஜன்னலாகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாட்டும் மெயிலும் பூட்டியிருந்தார்கள். பெருங்களத்தூரில் அவள் உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

மறுநாள் மதியம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் பூத்தைக் கண்டுபிடித்து, முதலில் மச்சானைக் கூப்பிட்டேன்.

"யாரோ ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு மாப்ள. ஃபாரின்ல போனு, நெட்டு எல்லாம் வேணுமான்னு இன்னாவோ கேட்டுச்சு. பைப் கடைக்கு எதுக்குமா ஃபாரின் நெட்டு, வேணாம்னு சொல்லி கட் பண்ட்டேன். நீ சொன்ன மாதிரியே, முழுசா கேக்கல" என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயாலும் கெட்டு, மச்சான் வாயாலும் கெட்டேன்.

அடுத்து அவள் வீட்டுக்குப் போட்டேன். அத்தாதான் எடுத்தார். ஸலாம் சொல்லி, சாப்பாடு, குளிர் எல்லாம் விசாரித்துவிட்டு அவளிடம் கொடுத்தார். டிவி சத்தம் குறைந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். விண்ணப்பம் கொடுத்தால் அதை உறுதி செய்ய ஒரு அழைப்பு வரும், அது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும், செட்டிங்ஸ் மேல் தவறில்லை, திட்டம் மேலும் தவறில்லை...

"நேத்து ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்" என்றாள். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. ஹால் முழுக்கக் கேட்டிருக்கும்.

"அதான், அந்த அளவுத் திட்டத்துல என்னன்னா..."

"அன்னிக்கு ஒண்ணு கேக்கணும்னு சொன்னேன்ல? இப்பவே கேட்டுடறேன்" என்றாள். "நான் பேசினா, நீங்க பேசாம கேப்பீங்களா?"

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அத்தாவாகத்தான் இருக்க வேண்டும்.

கேட்பேன் என்று நிரூபிக்க என்னிடம் நாலைந்து காரணங்கள் தயாராக இருந்தன. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"ம்" என்றேன்.

அவள் பேச ஆரம்பித்தாள்.