டேப் அக்கா அளவெடுத்த கிட்டார்

என் அக்காவைத் தொழிற்சாலையில் எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயத்த ஆடை தைக்கும் இடத்தில் அவள் கட்டிங் மாஸ்டர். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற மறந்துவிடுவாள். முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தாள். அதே குழுவில் நான் டிரம்ஸ். வார நாட்களில் வெல்டர். பாடுகிறவர் ஒரு கணக்கு டீச்சர். தாளம் ஓர் இழை பிசகினாலும் பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவார்.

ஒருநாள் தொழிற்சாலைக் கிடங்கின் இரும்புக் கதவு சரிந்து அக்காவின் இடது கையில் விழுந்தது. சுண்டுவிரல் மடங்காமல் விறைத்துப் போயிற்று. மோதிர விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். கத்தரி பிடிக்கும் கை வலது கை என்பதால் வேலை தப்பியது. ஆனால் பேஸ் கிட்டாரின் கழுத்து நீளமானது. இடது கை விரல்களை நன்றாக விரித்தால்தான் சுரங்களை எட்டமுடியும். பல நாள் முயன்றுவிட்டு, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி அலமாரி மேல் ஏற்றினாள். எங்கள் கிட்டார்காரர், கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அவள் இடத்தில் பேஸ் வாசிக்க ஆரம்பித்தார். நான் ஒத்திகைக்குக் கிளம்பும்போது அவள் எதுவும் கேட்கமாட்டாள். திரும்பி வந்து நானும் எதுவும் சொல்லமாட்டேன்.

பிறகு ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு குட்டி பேஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கென்று மலிவாகச் செய்தது. கழுத்து, வழக்கத்தைவிட ஒரு கையகலம் குட்டை. தட்டிப் பார்த்தேன். அட்டைப் பெட்டியில் அடித்த மாதிரி சத்தம். தோளில் மாட்டினால் தலைப்பக்கம் தரையைப் பார்த்துச் சாய்ந்தது.

"பொம்மை அக்கா இது" என்றேன்.

"இருக்கட்டுமே. கைக்கு எட்டுது."

அன்றே சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து வேலையைத் தொடங்கினாள். முதலில் தன் இடது கையைத்தான் அளந்தாள். விரலுக்கு விரல் எவ்வளவு விரிகிறது, கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று டேப்பை வைத்துப் பார்த்து, கழுத்தின் முதுகை உப்புத்தாள் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்தாள். தொளதொளவென்று இருந்த கம்பிகளைக் கழற்றிவிட்டு, தடிமனான, மேற்பரப்பு வழவழப்பான கம்பிகளை மாட்டினாள். தலையிலிருந்த கனமான முறுக்காணிகளுக்குப் பதில் லேசானவை வந்தன. தோள்வார் மாட்டும் பொத்தானை இடம் மாற்றினாள். சாய்கிற நோய் அதோடு தீர்ந்தது.

மாமா, அதாவது அக்காவின் கணவர், பேருந்து ஓட்டுநர். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "வீட்டுல ஆபரேஷன் நடக்குது, நோயாளி எப்ப எழுந்து உக்காருவாரோ" என்று என்னிடம் சொல்வார். அதற்காக ஒருநாளும் மேசையைக் காலி செய்யச் சொன்னதில்லை.

தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைக் கட்டையில்தான் சிக்கல் வந்தது. தடிமனான கம்பிக்காக அதிலுள்ள பள்ளங்களை அகலப்படுத்தப்போய், ஒரு பள்ளம் ஆழமாகிவிட்டது. அந்தக் கம்பியைத் தொட்டாலே வண்டு மாதிரி இரைந்தது. அக்கா அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். விரல் போனபோதுகூட அழவில்லை.

சில நாள் கழித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளத்தில் சமையல் சோடாவைத் திணித்து மேலே உடனடிப் பசையைச் சொட்டுவிட்டால் கல்லாக இறுகிவிடும். இறுகியது. இந்த முறை காகிதத்தில் பள்ளத்தின் அளவை வெட்டி வைத்துக்கொண்டு, வெல்டிங் முனையில் அடைப்பு எடுக்க நான் வைத்திருக்கும் ஊசி அரங்களை வாங்கி, நூல் நூலாக அராவினாள். இரைச்சல் நின்றது. கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பையும் மாற்றி, பெரியதாக ஒன்றைப் பொருத்தினாள். ஒலிபெருக்கியில் மாட்டியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாமா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நோயாளி பேசறார்" என்றார்.

எங்கள் ஒத்திகை ஒரு டயர் கடையின் மாடியில் நடக்கும். அடுத்த ஞாயிறு அக்கா என்னோடு வந்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் டீச்சரிடம் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்காக ஒத்துக்க வேண்டாம். கேட்டுட்டு உள்ளதைச் சொல்லு. சரியில்லன்னா நான் போய்டறேன்."

நாலு பாட்டு வாசித்தாள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஓடின. குட்டையான மோதிர விரல் கம்பிமேல் லேசாகப் படுத்து ஒலியை அடக்கியது. அதனால் ஒவ்வொரு சுரமும் உருண்டையாக வந்து விழுந்தது. இரண்டு கையும் நன்றாக இருந்த காலத்தில் அவளிடம் அந்த ஒலி இருந்ததில்லை.

டீச்சர் மைக்கைத் தாங்கியில் மாட்டினார். பிறகு, "மூணு பாட்டு பிரமாதம். அந்த வேகமான பாட்டு உன்னால முடியல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அந்தப் பாட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்தாள். பாதிச் சுரங்களை உதறிவிட்டு, இருப்பவற்றுக்கு நடுவே இடைவெளி விட்டாள். அடுத்த வாரம் அந்த இடைவெளிகளில் டீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது. நானும் அடியைக் குறைக்கவேண்டியிருந்தது. பாட்டு முன்பைவிட நன்றாகிவிட்டது. டீச்சர் தானே அதைச் சொன்னார். கண்ணாடிக் கடைக்காரருக்குத்தான் பெரிய நிம்மதி. "எனக்கு என் கிட்டார் போதும்மா, இந்த பேஸ எப்ப எறக்கி வெப்போம்னு இருந்தேன்" என்று அக்காவிடம் சொன்னார்.

இப்போது தெரிந்தவர்கள் தங்கள் வாத்தியங்களைக் கொண்டுவருகிறார்கள். போன மாதம் விரல் மூட்டுகள் வீங்கிய நர்ஸ் ஒருவர் தன் கிட்டாரோடு வந்தார். வாங்கி இத்தனை வருஷமாகியும் வாசிக்க முடியவில்லை, விற்றுவிடலாமா என்று கேட்டார். அக்கா கிட்டாரை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"முதல்ல கையக் காட்டுங்க."